மணலில் எழுதிப் பழகிய ஜெர்மானியர்



'வீட்டில் பேசுவதற்குத் தமிழ் போதும். படிப்பதற்கு ஆங்கிலம் இருக்கிறதே' என்னும் பேச்சைத் தேக்கா அங்காடியிலும் கேட்கிறோம், பள்ளிகளில் நடைபெறும் பெற்றோர் சந்திப்புகளிலும் கேட்கிறோம். இன்று அந்த 'வீட்டில்' என்பதும் உறுதியாக இல்லை. 2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர் இந்தியர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி ஆங்கிலமே.

ஒரு மொழி வீட்டுக்கு மட்டும் உரியது, மற்றொரு மொழியே கல்விக்கு உரியது என்னும் எண்ணம் புதியதன்று. இன்று அறிவியலுக்கும் தத்துவத்துக்கும் இசைக்கும் புகழ்பெற்று விளங்கும் ஜெர்மானிய மொழியைப் பற்றி அம்மொழியினரே ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் அவ்வாறுதான் எண்ணிவந்தனர். அந்த எண்ணத்தை அவர்கள் கடந்து வந்த வரலாற்றில் நம் தமிழுக்கும் ஓர் இடம் இருக்கிறது. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மக்கள் மொழி

ஜெர்மானியர் தம் மொழியை 'டாய்ச்' என்கின்றனர். இச்சொல்லின் பழைய வடிவத்துக்கு 'மக்களுடையது' என்பது பொருள். மடாலயத்திலும் அரண்மனையிலும் வழங்கியது இலத்தீன். மக்கள் வாயில் வழங்கியது டாய்ச். கற்றோர் மொழி அன்று என்பதையே குறிக்கத் தோன்றிய பெயர், பின்னர் ஓர் இனத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது.

அம்மொழியின் மிகப் பழைய வீரப்பாடல் 'ஹில்டபிராண்ட் பாடல்' என்பதாகும். பல்லாண்டுக் காலம் பிரிந்திருந்த தந்தையும் மகனும் போர்க்களத்தில் எதிரெதிரே நிற்கின்றனர். தந்தை மகனை அறிந்துகொள்கிறான். மகன் நம்ப மறுக்கிறான். நம் புறத்திணைப் பாடல்களைப் படித்தவர்களுக்கு இச்சூழல் அந்நியமாகத் தோன்றாது. இப்பாடல் நம் கைக்குக் கிடைத்த விதமே வியப்புக்குரியது. ஏறத்தாழ கி.பி. 830ஆம் ஆண்டளவில், இரண்டு எழுத்தர்கள் ஓர் இலத்தீன் சமய நூலின் முதல் தாளிலும் கடைசித் தாளிலும் வெறுமையாக இருந்த பக்கங்களில் இதனை எழுதிவைத்தனர். இடம் தீர்ந்தது, பாடலும் பாதியில் நின்றது. மக்கள் மொழியின் இலக்கியத்துக்கு அன்று கிடைத்த இடம் இலத்தீன் நூலின் வெற்றுப் பக்கங்களே.

அதே நூற்றாண்டில் ஓட்ஃபிரிட் என்னும் துறவி இயேசுவின் வரலாற்றைத் தம் மக்கள் மொழியிலேயே நீண்ட காப்பியமாகப் பாடினார். பெயர் தெரியவரும் முதல் ஜெர்மானியக் கவிஞர் இவரே. இலத்தீனில் எழுதாமல் இம்மொழியில் ஏன் எழுதினேன் என்று விளக்குவதற்கென ஒரு பகுதியையே அவர் ஒதுக்கவேண்டியிருந்தது. பிற இனத்தார் எல்லாம் தத்தம் மொழியில் இறைவனைப் பாடும்போது நாம் மட்டும் ஏன் பாடலாகாது என்பதே அவருடைய வாதத்தின் சாரம். தம் மொழியில் எழுதியதற்காக ஒரு புலவர் விளக்கம் கூறவேண்டிய நிலை இருந்ததை நாம் கருதிப் பார்க்க வேண்டும்.

கி.பி. 1200ஐ ஒட்டிய காலத்தில் இம்மொழி பெருவளம் கண்டது. ஆசிரியர் பெயர் தெரியாத 'நிபெலுங்கர் பாடல்' என்னும் பெருங்காப்பியம் அப்போது எழுந்தது. வால்தர் ஃபொன் டெர் ஃபோகல்வைட முதலிய பாவலர்கள் அரசவைகளில் காதற்பாக்களை இசையோடு பாடினர். நம் அகப்பாடல்களைப் போலவே அவற்றிலும் தலைவியின் பெயர் சுட்டப்படுவதில்லை. ஆயினும் இந்த வளமெல்லாம் பின்வந்த நூற்றாண்டுகளில் மறக்கப்பட்டது. நிபெலுங்கர் பாடலின் பழஞ்சுவடி ஒன்று 1755ஆம் ஆண்டில்தான் ஒரு மாளிகை நூலகத்திலிருந்து மீண்டும் வெளிப்பட்டது. உ.வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை அச்சேற்றியதை எண்ணிப் பார்த்தால், தன் பெருங்காப்பியங்களைத் தானே மறந்து மீண்டும் கண்டெடுத்த மொழி தமிழ் ஒன்றே அன்று என்பது விளங்கும்.

சந்தை மொழியும் திருமறை மொழியும்

ஜெர்மானிய மொழியின் தலையெழுத்தை மாற்றியவர் மார்ட்டின் லூதர். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1522ஆம் ஆண்டிலும் முழு விவிலியம் 1534ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. மைன்ஸ் நகரில் கூட்டன்பர்க் தொடங்கிய அச்சுக்கலை அதற்குள் எழுபது ஆண்டுகளுக்கு மேல் வளர்ந்திருந்ததால், நூல் விரைவாக மக்களிடம் சென்று சேர்ந்தது.

மொழிபெயர்ப்பைப் பற்றி லூதர் 1530ஆம் ஆண்டில் எழுதிய மடலில் ஒரு கருத்து உண்டு. நல்ல ஜெர்மானிய மொழியை அறிய விரும்புவோர் இலத்தீன் எழுத்துகளிடம் கேட்கக் கூடாது. வீட்டில் இருக்கும் தாயிடமும், தெருவில் விளையாடும் குழந்தைகளிடமும், சந்தையில் நிற்கும் எளிய மனிதரிடமும் கேட்க வேண்டும் என்பது அவர் கொள்கை. 1524ஆம் ஆண்டிலேயே நகர மன்றங்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்து, பள்ளிகளை நிறுவுமாறும் பெண் குழந்தைகளையும் படிக்க வைக்குமாறும் அவர் வற்புறுத்தினார். தாய்மொழியில் நூல் இருந்தால் மட்டும் போதாது. அதனைப் படிக்கத் தெரிந்த குழந்தைகளும் வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். நூலும் பள்ளியும் இணைந்து செல்ல வேண்டும் என்னும் இக்கருத்தே பின்னாளில் தரங்கம்பாடி வரை வந்தது.

போரும் பாட்டும் சொல்லாக்கமும்

1618 முதல் 1648 வரை நடைபெற்ற முப்பதாண்டுப் போர் ஜெர்மானிய நாடுகளைச் சூறையாடியது. ஊர்கள் எரிந்தன, பஞ்சமும் கொள்ளைநோயும் பரவின. ஐரோப்பியக் கலை வரலாற்றில் 'பரோக்' எனப்படும் காலம் இது. அழிவின் நடுவிலேதான் இம்மொழியின் இலக்கியம் தன்னைச் சீர்படுத்திக்கொண்டது.

1617ஆம் ஆண்டில் வைமார் நகரில் 'கனிதரும் கழகம்' என்னும் மொழிச்சங்கம் தோன்றியது. பிறமொழிக் கலப்பைத் தவிர்த்துத் தாய்மொழியைத் தூய்மையாக வளர்ப்பது அதன் குறிக்கோள். 1624ஆம் ஆண்டில் மார்ட்டின் ஓப்பிட்ஸ் ஜெர்மானியச் செய்யுளுக்கு இலக்கணம் வகுத்தார். ஆண்ட்ரியாஸ் கிரிஃபியூஸ் போரின் கொடுமையையும் வாழ்வின் நிலையாமையையும் பதினான்கடிப் பாக்களில் பாடினார். கிரிம்மல்ஸ்ஹவுசன் 1668ஆம் ஆண்டில் வெளியிட்ட 'சிம்ப்ளிசிஸ்ஸிமுஸ்' என்னும் புதினம், போரில் வீடிழந்த ஒரு பேதைச் சிறுவனின் கண்கொண்டு அக்காலத்தைக் காட்டியது.

மொழிச்சங்கத்தாருள் பிலிப் ஃபொன் சேசன் என்பவர் அயற்சொற்களுக்கு மாற்றாகப் புதுச்சொற்களைப் படைத்தார். பலர் அவரை எள்ளி நகையாடினர். அவருடைய சொற்களுள் பல மறைந்தன. ஆனால் முகவரிக்கும் வட்டார வழக்குக்கும் அவர் ஆக்கியனவாகக் கூறப்படும் சொற்களை ஜெர்மானியர் இன்றும் நாள்தோறும் வழங்குகின்றனர். நம் ஊரிலும் இதற்கு நிகரான ஒன்று உண்டு. இங்குள்ள தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராகப் பணியாற்றி 1999ஆம் ஆண்டில் மறைந்த நா. கோவிந்தசாமி அவர்களே 'இணையம்' என்னும் சொல்லை ஆக்கியவர் என்பர். இன்று உலகத் தமிழர் அனைவரும் வழங்கும் ஒரு சொல், ஆசிரியர்களைப் பயிற்றுவித்த ஒருவரிடமிருந்து இச்சிறு தீவில் பிறந்தது. புதுச்சொல்லைக் கேட்டுச் சிரிக்கும் மாணவரிடம் சேசனின் கதையையும் இதனையும் சேர்த்துச் சொல்லலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் பல்கலைக்கழகங்களில் இலத்தீனே கோலோச்சியது. 1687ஆம் ஆண்டில் லைப்சிக் நகரில் கிறிஸ்டியான் தொமாசியுஸ் என்னும் பேராசிரியர் தம் விரிவுரையை ஜெர்மானிய மொழியில் நடத்தப்போவதாக அறிவித்தபோது கற்றோர் பலர் அதிர்ச்சியடைந்தனர். பின்னர் அவர் ஹாலே நகருக்குச் சென்றார். அங்கே 1694ஆம் ஆண்டில் புதிய பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதே நகரில் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்னும் சமயப் பெரியார் ஏழைக் குழந்தைகளுக்கான பள்ளிகளையும் ஆதரவற்றோர் இல்லத்தையும் நடத்திவந்தார். இந்த ஹாலே நகரில் பயின்ற இளைஞர் ஒருவரே தமிழகத்துக்குக் கப்பலேறினார்.

தரங்கம்பாடித் திண்ணை

பர்த்தலோமேயு சீகன்பால்கு 1682ஆம் ஆண்டில் சாக்சனி நாட்டின் புல்ஸ்னிட்ஸ் என்னும் ஊரில் பிறந்தவர். தரங்கம்பாடி அப்போது டென்மார்க்கின் வணிகத் துறைமுகம். தஞ்சை இரகுநாத நாயக்கரோடு 1620ஆம் ஆண்டில் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி டேனிஷ்காரர்கள் அங்கே கோட்டை கட்டியிருந்தனர். டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்ப, சீகன்பால்குவும் அவருடைய தோழர் புளூட்சோவும் 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் அங்கு வந்து சேர்ந்தனர். சீகன்பால்குவுக்கு அப்போது வயது ஏறத்தாழ இருபத்து நான்கு.

கடற்கரைத் துறைமுகங்களில் ஐரோப்பியர் பெரும்பாலும் போர்த்துகீசிய மொழியைக் கொண்டே காலம் தள்ளினர். புளூட்சோ அம்மொழியைக் கற்றார். சீகன்பால்கு தமிழைத் தேர்ந்தெடுத்தார். மக்களிடம் மக்கள் மொழியில்தான் பேச வேண்டும் என்பது அவர் வளர்ந்த மரபு ஆயிற்றே!

அவர் தமிழ் கற்ற முறையை ஆசிரியர்களாகிய நாம் கூர்ந்து நோக்க வேண்டும். அச்சிட்ட பாடநூல் எதுவும் அவர் கையில் இல்லை. முதிய திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் பிள்ளைகளோடு தங்கள் இல்லத்துக்கே வந்து பள்ளி நடத்துமாறு அமர்த்திக்கொண்டார். சிறுவர்களோடு சிறுவராகத் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் எழுதிப் பழகினார். பல்கலைக்கழகம் சென்று, மறைப்பணிக்கென முறையாகத் திருநிலைப்படுத்தப்பட்ட ஓர் ஐரோப்பியர் அகர வரிசையிலிருந்து தொடங்க வெட்கப்படவில்லை. அதன்பின் போர்த்துகீசியமும் பிற ஐரோப்பிய மொழிகளும் அறிந்த அழகப்பன் என்னும் மொழிபெயர்ப்பாளர் அவருக்குத் துணையாக அமைந்தார். உரைநடைச் சொற்களுக்கு ஓர் அகராதியும் செய்யுட் சொற்களுக்கு மற்றோர் அகராதியும் அவர் தொகுத்தார். பேச்சுத் தமிழும் புலவர் தமிழும் வேறுவேறு என்பதை அவர் சில ஆண்டுகளிலேயே கண்டுகொண்டார்.

உள்நாட்டு ஊர்களுக்கு ஆளனுப்பி ஓலைச்சுவடிகளையும் திரட்டினார். 1708ஆம் ஆண்டில் தம்மிடம் இருந்த தமிழ் நூல்களுக்கு விளக்கப் பட்டியல் ஒன்று எழுதினார். அதில் நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள் இடம்பெறுகின்றன. திருக்குறளும் சிவவாக்கியமும் அவற்றுள் அடங்கும். தமிழ்த் தாத்தா பிறப்பதற்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு தஞ்சைக் கடற்கரையில் எந்தெந்த ஏடுகள் புழங்கின என்பதை அறிய இப்பட்டியல் பேருதவி புரிகிறது.

நம் பாடநூல்கள் ஜெர்மானிய மொழியில்

அதே 1708ஆம் ஆண்டில் அவர் மூன்று தமிழ் நூல்களை ஜெர்மானிய மொழியில் பெயர்த்தார். அவை நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியன. காப்பியங்களை விடுத்து இவற்றை அவர் எடுத்துக்கொண்டதன் காரணத்தை நாம் எளிதில் ஊகிக்கலாம். கொன்றைவேந்தனும் உலகநீதியும் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்த நூல்கள். தாம் அமர்ந்து கற்ற வகுப்பின் நூல்களையே அவர் தம் நாட்டாருக்கு அனுப்பினார் எனலாம்.

நடுவுநிலையோடு ஒன்றைக் கூறவேண்டும். சீகன்பால்குவின் முதன்மை நோக்கம் சமய மாற்றமே. தமிழர்களின் சிலைவழிபாட்டை அவர் கடுமையாகச் சாடினார். ஆயினும், இம்மக்கள் கல்வியறிவு அற்றவர்கள் என்று தாம் முதலில் எண்ணியிருந்ததையும், அவர்தம் நூல்களைக் கற்றபின் அவ்வெண்ணம் மாறியதையும் அவர் மறைக்காமல் எழுதினார். மொழியைக் கற்றது அவருடைய கருத்தையே மாற்றியது. தமிழர்களிடம் வினாக்களை அனுப்பி, அவர்கள் எழுதிய விடை மடல்களை ஜெர்மானிய மொழியில் பெயர்த்து ஹாலேக்கு அனுப்பியும் வைத்தார். அம்மடல்கள் அச்சேறின, பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பிய வாசகர் தமிழர் தம்மைப் பற்றித் தாமே கூறியவற்றைப் படித்தனர்.

ஆனால் அவருடைய ஆய்வுநூல்களுக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் 1713ஆம் ஆண்டில் எழுதி முடித்த விரிவான நூலை ஹாலே நகரத்தார் அச்சிடவில்லை. அது 1867ஆம் ஆண்டில்தான் சென்னையில் வெளிவந்தது. மூன்று நீதிநூல்களின் மொழிபெயர்ப்போ 1930ஆம் ஆண்டு வரை காத்திருந்து ஆம்ஸ்டர்டாமில் அச்சேறியது. கொன்றைவேந்தன் ஜெர்மானிய வாசகரைச் சென்றடைய இருநூற்று இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின!

தரங்கம்பாடியில் அவர் பட்ட தொல்லைகளும் பல. டேனிஷ் ஆளுநரோடு ஏற்பட்ட பிணக்கால் 1708-1709இல் ஏறத்தாழ நான்கு மாதங்கள் சிறையில் இருந்தார். விடுதலைக்குப் பின் மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார். 1713ஆம் ஆண்டளவில் இங்கிலாந்திலிருந்து அச்சுப்பொறியும் ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துருக்களும் வந்தன. அவ்வெழுத்துகள் அளவில் பெரியனவாக இருந்ததால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. ஆகவே சிறிய எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்த்தனர். 1715ஆம் ஆண்டில் புதிய ஏற்பாடு தமிழில் அச்சிடப்பட்டு நிறைவெய்தியது. 1716ஆம் ஆண்டில் அவருடைய தமிழ் இலக்கண நூல் ஹாலேயில் வெளிவந்தது. அதனை அவர் எழுதிய மொழி இலத்தீன் என்பது கருதத்தக்கது. அறிஞர் உலகில் இலத்தீனின் ஆட்சி அன்றும் முற்றுப்பெறவில்லை.

அவர் தமிழ் நடையைக் குறைகூறியவர்களும் உண்டு. அவர்களுள் தலையாயவர், அவர் காலத்திலேயே தமிழகம் வந்த இத்தாலியரான வீரமாமுனிவர். இருவரும் வெவ்வேறு கிறிஸ்தவப் பிரிவினர் என்பதும் அப்பூசலுக்குக் காரணம். 1719ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள், தம் முப்பத்தாறாம் வயதில் சீகன்பால்கு காலமானார். ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகளில் அவர் பெண் குழந்தைகளுக்கும் ஒரு பள்ளி நடத்தினார்; உள்ளூர் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கவும் வழிசெய்தார். திண்ணையில் மாணவராக அமர்ந்தவர், ஆசிரியர்களை உருவாக்குவதில் முடித்தார்.

ஒரு பாட்டின் பயணம்

பரோக் காலத்து ஜெர்மானிய இலக்கியத்துள் தமிழர் நாவில் இன்றும் வாழ்வது ஒன்று உண்டு. பவுல் கெர்ஹார்ட் (1607-1676) முப்பதாண்டுப் போரின் நடுவே வளர்ந்தவர். தம் ஐந்து குழந்தைகளுள் நால்வரைப் பறிகொடுத்தவர். முள்முடி தரித்த இயேசுவின் திருமுகத்தை நோக்கிப் பாடும் அவருடைய பாடல் 1656ஆம் ஆண்டில் வெளிவந்தது. அது ஓர் இலத்தீன் பாடலின் தழுவல். அதன் மெட்டோ, ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் என்பவர் 1601ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு காதற்பாட்டினுடையது. அப்பாடல் தமிழாக்கம் பெற்று, பெரிய வெள்ளியன்று தமிழ்த் தேவாலயங்களில் அதே மெட்டில் பாடப்படுகிறது. பாடுவோருள் பலருக்கு அது ஜெர்மனியிலிருந்து வந்தது என்பதே தெரியாது. தமிழ்ப் பாடலாகவே அது அவர்கள் நெஞ்சில் பதிந்துவிட்டது. இலத்தீன், ஜெர்மன், தமிழ் என்று மூன்று மொழிகளைக் கடந்த பின்னும் அதன் துயரம் குன்றவில்லை. மொழிபெயர்ப்பு ஒரு மொழிக்கு ஊட்டம் தருமே அன்றி அதனைத் தாழ்த்தாது என்பதற்கு இஃது ஒரு சான்று.

எதிர்த்திசையிலும் பயணம் நிகழ்ந்தது. தரங்கம்பாடியில் பணியாற்றிய கேமரர் 1803ஆம் ஆண்டில் திருக்குறளின் ஒரு பகுதியை ஜெர்மானிய மொழியில் தந்தார். கார்ல் கிரவுல் 1856ஆம் ஆண்டில் திருக்குறள் மொழிபெயர்ப்பை வெளியிட்டார். ஹாலே நகரில் பிராங்கே நிறுவிய அறநிலையத்தின் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் பேணப்படுகின்றன.

சிங்கப்பூரில் நாம்

இவ்வரலாற்றைச் சொல்லித் தமிழின் பழைமையைப் பறைசாற்றுவது என் கருத்தன்று. ஹில்டபிராண்ட் பாடல் ஏட்டில் ஏறுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தமிழில் சங்க இலக்கியம் முகிழ்த்திருந்தது, அதில் ஐயமில்லை. ஆனால் பழைமை மட்டுமே ஒரு மொழியைக் காத்துவிடாது. ஜெர்மானிய மொழி உயர்ந்ததற்கு, அதில் நூல்கள் எழுந்தன, பள்ளிகள் அவற்றைக் கற்பித்தன, பல்கலைக்கழகம் இறுதியில் அதற்குக் கதவு திறந்தது என்பனவே காரணங்கள்.

இவற்றை நம் முன்னோரும் செய்தனர். யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதரின் 'சிங்கை நகர் அந்தாதி' 1887ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதே ஆண்டில் மகதூம் சாயபு 'சிங்கை நேசன்' வார இதழைத் தொடங்கினார். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை அமைய இருந்தபோது, அங்கே சமஸ்கிருதத்துக்கு முதலிடமா, தமிழுக்கு முதலிடமா என்னும் வினா எழுந்தது. 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதி இயக்கத்தைத் தொடங்கினார். துறைமுகத்திலும் தோட்டத்திலும் உழைத்தோர் தம்மால் இயன்றதை ஈந்தனர். 1956ஆம் ஆண்டில் தொடங்கிய அத்துறையில் தமிழ் இடம்பெற்றது. தொமாசியுஸ் தனியொருவராக அறிவிப்பு ஒட்டிப் பெற்றதை, நம் ஊர்த் தொழிலாளர்கள் தம் வியர்வைக் காசால் பெற்றார்கள்.

இன்று நம் குழந்தைகளுக்குத் தமிழ்ப் பாடம் இருக்கிறது. அரசின் ஆதரவு இருக்கிறது. அழகிய பாடநூல்கள் இருக்கின்றன. குறைவது லூதர் சுட்டிய அந்த முதல் இடமே. தாயிடமும் தெருவிலும் சந்தையிலும் கேட்கவேண்டிய மொழியை வகுப்பறையில் மட்டுமே கேட்கும் குழந்தை, அதனைத் தேர்வுக்குரிய பாடமாகவே கருதும். அக்குழந்தையின் மீது குறை காண இயலாது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தமிழ் இலக்கணச் சுத்தமாக இல்லையே என்று தயங்க வேண்டா. தேக்காவில் காய்கறி வாங்கும்போது விலை கேட்கும் பொறுப்பைப் பிள்ளையிடம் விடுங்கள். அவர்கள் தடுமாறினால் ஆங்கிலத்துக்குத் தாவாமல் சற்றே காத்திருங்கள். தாத்தா பாட்டியிடம் தொலைபேசியில் பேசும் ஐந்து நிமிடமும் பயிற்சியே.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு கருத்து. தமிழ் எழுத்துகள் கடினம் என்று சோர்ந்திருக்கும் தொடக்கநிலை இரண்டு, மூன்று மாணவர்களிடம் தரங்கம்பாடித் திண்ணையின் கதையைச் சொல்லுங்கள். தட்டில் மணலைப் பரப்பி, அகர வரிசையை விரலால் எழுதச் செய்யுங்கள். தவறினால் கையால் தடவி அழித்துவிட்டு மீண்டும் எழுதலாம். சிவப்பு மைக் கோடு அங்கே விழாது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ஜெர்மானியருக்குப் பயன்பட்ட முறை இது. நம் பிள்ளைகளுக்கும் பயன்படும்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியை